லீவு போட்ட ஆறு

அத்தியாயம் 7

வெளியே பூட்டு விழுந்த சத்தம் தங்கவேலுக்குப் புதிதல்ல. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில், கிடங்குக்குள் ஆளை வைத்தே பூட்டிவிட்டு டீ குடிக்கப் போன மேஸ்திரிகளை அவன் பார்த்திருக்கிறான். ஆனால் அப்போது உள்ளே அரிசி மூட்டை இருந்தது, ஏறிப் படுத்துத் தூங்கலாம். இங்கே காலுக்குக் கீழே இரும்புக் கம்பித் தட்டி. தட்டிக்குக் கீழே சாயக்கழிவு.

"மேடம், கதவு காத்துல சாத்திக்கிச்சு."

"காத்து பூட்டையும் மாட்டிட்டுப் போச்சா?" என்றாள் ஜெயபாரதி.

"மெட்ராஸ் காத்து மேடம். எல்லா வேலையும் தெரியும்."

சொல்லிவிட்டு அவன் தோளால் கதவை இடித்தான். கதவு கனத்த பர்மா தேக்கு. தோள்தான் வலித்தது. மறுபடி இடித்தான். ஜெயபாரதி சேலை முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு, "விடு தங்கவேலு. உன் தோளு நாளைக்கும் வேணும்" என்றாள்.

வக்கீல் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டுத் துப்பறிய வந்தவள் அவள். ஆழ்வார்பேட்டையில் மாடியறை ஆபீஸ், ஒரு மேஜை, ஒரு டெலிபோன், ஒரு தங்கவேல். அவள் பதறிப் பேசி அவன் கேட்டதே இல்லை. அவள் பதறாதபோதெல்லாம் அவளுக்கும் சேர்த்து அவன்தான் பதற வேண்டியிருந்தது.

அவர்கள் மாட்டிக்கொண்டது அடையாற்றங்கரையில், ஸ்ரீ இசக்கியம்மன் சாயப்பட்டறையின் பின்கோடியில் இருக்கும் மதகு அறையில். செங்கல் சுவர், உச்சியில் கைக்குட்டை அளவுக்கு ஒரு வெளிச்சத் துவாரம். பட்டறைத் தொட்டிகளிலிருந்து வரும் கழிவு இங்கே குழியில் சேரும். குழிக்கும் ஆற்றுக்கும் நடுவே ஓர் இரும்பு மதகு. மேலே இருக்கும் சக்கரத்தைச் சுற்றினால் மதகு ஏறும், கழிவு ஆற்றில் இறங்கும். "அதெல்லாம் எங்க அப்பா காலத்துல. துருப்பிடிச்சுப் போயி பத்து வருசமாச்சு. இப்ப எங்க தண்ணி எல்லாம் வடிகட்டுற தொட்டிக்குத்தான் போவுது. வேணும்னா போய்ப் பாத்துட்டு வாங்கம்மா, என்கிட்ட ஒளிவு மறைவே கிடையாது" என்று அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் முதலாளி அய்யாதுரை அண்ணாச்சி வாயெல்லாம் பல்லாகச் சொல்லி அனுப்பினார். நெற்றியில் திருநீறு மூன்று கோடு, அளவெடுத்தது மாதிரி. தி.நகரில் அவருடைய ஜவுளிக்கடைக்குப் போனால் சேலை வாங்காதவருக்கும் சர்பத் கிடைக்கும்.

"சர்பத் குடுத்தே பூட்டிட்டான் பாருங்க" என்றான் தங்கவேல்.

"பூட்டினது அவரா?"

"பின்ன? நானா?"

ஜெயபாரதி கைக்கடிகாரத்தைத் துவாரத்துப் பக்கம் தூக்கிப் பார்த்தாள். மூன்று மணிக்குள் வெளியே போயாக வேண்டும். மூன்று மணிக்குக் குழு வருகிறது.

அந்தக் குழுவுக்குப் பெயர் ஆற்றுத் தூய்மைத் திட்டக் குழு. போன வருஷம் பாலத்தடிக் குடிசைகளை லாரியில் ஏற்றிப் பெருங்குடி சதுப்பில் கொண்டுபோய் இறக்கினார்கள். இறக்குவதற்கு முன்னால் ஆற்றில் முக்கிய பாட்டிலில் தண்ணீர் மை மாதிரி இருந்தது. இறக்கிய பிறகு முக்கிய பாட்டிலில் தெளிந்திருந்தது. மயிலாப்பூர் புரொபசர் சுப்பராமன் இரண்டு பாட்டிலையும் பரிசோதித்து, குடிசை போனது, ஆறு தேறியது, திட்டம் வெற்றி என்று எழுதிவிட்டார். இன்றைக்குப் பாலத்தடியில் கடைசியாக ஒரு பாட்டில் முக்கிப் பார்ப்பார்கள். தெளிவாக இருந்தால் அதே மருந்தை மிச்சக் கரைக்கும் கொடுக்கக் கையெழுத்து. லாரிகள் காலையிலேயே வந்து குடிசைகளுக்கு எதிரே வரிசை கட்டிவிட்டன. கையெழுத்து நடக்கப்போவது இதே பட்டறையின் பின்வாசலில். ஏனென்றால் குழுவில் அண்ணாச்சியும் ஓர் உறுப்பினர். காபியும் கேசரியும் அவருடைய செலவு.

மிச்சக் கரையில், மூன்றாவது வரிசைக் குடிசையில், தங்கவேலின் அக்கா வேலம்மா இருக்கிறாள்.

இந்த வழக்கில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே நூல் முனையும் அவள் வாயிலிருந்து வந்ததுதான். "பாலத்தாண்ட குடிசைய எட்த்தாங்கோ. ரெண்டு மாசம் ஆறு சும்மா பளிங்காட்டம் கீந்துச்சு. அப்பால பழையபடி நாற ஆரம்பிச்சுது. எட்த்த குடிசைங்க ஒண்ணும் திரும்பி வரலியே, அப்ப நாத்தம் மட்டும் எங்கேந்து வந்துச்சு?" என்று அவள் மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள். ஜெயபாரதி அந்த இடத்திலேயே குந்திவிட்டாள். "ஆறு ரெண்டு மாசம் லீவு போட்டிருக்கு தங்கவேலு. பாட்டில் முக்கினது அந்த ரெண்டு மாசத்துல மட்டும். லீவு குடுத்தது யாருன்னு பார்க்கணும்."

பார்க்க வந்தார்கள். பூட்டு விழுந்தது.

"குடிசையத் தூக்கினா ஆறு சுத்தமாவுதுன்னு புரொபசரே எய்திட்டாரு. நாம யாரு மேடம் அதுக்கு மேல?"

"முன்னாடி எப்படி, பின்னாடி எப்படின்னு ரெண்டை மட்டும் பார்த்தார். நடுவுல கூடவே வேற எது நின்னுச்சுன்னு பார்க்கலை. காய்ச்சல்காரனுக்குக் கஷாயம் குடுக்கிறே. அதே நேரம் அவனை வெயில்லேருந்து நிழலுக்கும் தூக்கிட்டுப் போறே. காய்ச்சல் விட்டுச்சுன்னா கஷாயம் கெலிச்சுதா, நிழல் கெலிச்சுதா?"

"கஷாயம் விக்கிறவனைக் கேட்டா கஷாயம்னுவான்."

"அதேதான். அண்ணாச்சி கஷாயம் விக்கிறார்."

அப்போதுதான் தங்கவேலின் பாதம் சுட்டது. குனிந்து பார்த்தான். கம்பித் தட்டியின் இடுக்கு வழியாகத் தண்ணீர் மேலே ஏறியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர். தீபாவளிச் சிவப்பு.

"மேடம்! தண்ணி வருது!"

"மத்தியானத் தொட்டி காலி பண்றாங்க. மதகு மூடியிருக்கு. வேற எங்கே போகும்?"

"அத்த இவ்ளோ சாவகாசமா சொல்றீங்களே!"

கணுக்கால் நனைந்தது. நாற்றம் கண்ணைக் கரித்தது. தங்கவேல் சுவரைத் தடவிக்கொண்டே அறையின் மூலைக்குப் போனான். அங்கே கோணிச் சாக்குகள் குவிந்து கிடந்தன. வாரி எறிந்தான். அடியிலிருந்து இரும்புச் சக்கரம் வெளியே வந்தது, மாட்டு வண்டிச் சக்கரத்தில் பாதி அளவு. நடுத்தண்டில் சேறும் செம்மண்ணும் அப்பியிருந்தது, பத்து வருஷத் துரு மாதிரி.

"கெடச்சுது மேடம்! இத்தச் சுத்தினா தண்ணி ஆத்துல எறங்கிடும். நாம பொழச்சிக்கலாம்." இரண்டு கையாலும் பிடித்தான்.

"தொடாதே!"

ஜெயபாரதி கத்தி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. கையை எடுத்துவிட்டான்.

"நீ சுத்தினா, பாலத்தடிக்கு வர்ற குழு கண்ணெதிரே ஆறு சிவக்கும். அண்ணாச்சி ஓடிவந்து கதவைத் திறப்பார். உள்ளே யாரு? நீயும் நானும். சக்கரத்துல யார் கை? உன் கை. குடிசைக்காரி தம்பி ஆத்தைக் கெடுத்தான்னு கேஸ் முடிஞ்சுடும். உங்க அக்கா லாரியிலே, நீ ஜெயில்ல."

"சுத்தலைன்னா?"

"நனைவோம்."

"நனையறதா? அவியறோம் மேடம்! ஒரு கொதி வந்தா உப்பு போட்டு எறக்கிடலாம்." முழங்காலுக்குக் கீழே ஆடுசதை எரிந்தது. பிழைக்கும் வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, தொடக்கூடாது. இப்படி ஒரு பூட்டை எந்த மேஸ்திரியும் போட்டதில்லை.

"தீப்பெட்டி இருக்கா?"

பீடிக்கு வைத்திருந்ததை எடுத்துக் கிழித்தான். ஜெயபாரதி சக்கரத்தின் மேல் குனிந்தாள். குச்சி விரலைச் சுடும் வரை பார்த்தாள்.

"இன்னொண்ணு கிழி. இது என்ன சொல்லு."

சக்கரத்தின் குடத்தில் சந்தனத்தில் குழைத்த திருநீற்றுப் பட்டை காய்ந்து கிடந்தது. நடுவில் குங்குமம்.

"ஆயுத பூஜை வச்சிருக்காங்கோ. எல்லா மிஷினுக்கும் வைக்கிறதுதானே? இன்னும் ஒதிரல, பத்து நாளுதானே ஆச்சு."

"எல்லா மிஷினுக்குமா? துறைமுகத்துல நீங்க எதுக்கெல்லாம் வைப்பீங்க?"

"கொக்கிக்கு, தள்ளுவண்டிக்கு, கிரேனுக்கு..."

"உடைஞ்சுபோய் மூலையில கிடக்குற கிரேனுக்கு?"

தங்கவேல் யோசித்தான். "அதுக்கு எவன் வைப்பான்? சோறு போடுறதுக்குத்தான் பொட்டு."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

"பத்து வருஷமா செத்துக் கிடக்குற சக்கரத்துக்கு, பத்து நாளைக்கு முன்னாடி பூஜை" என்றாள் ஜெயபாரதி. "சேறு அப்பத் தெரிஞ்சவங்களுக்கு, சாக்கைப் போட்டு மூடத் தெரிஞ்சவங்களுக்கு, திருநீற்றைத் துடைக்க மனசு வரலை. அது அவங்களுக்குத் தடயமாவே தெரியலை, சாமி காரியம். இன்னொண்ணு பாரு. பட்டையை எப்படிப் போடுவாங்க?"

"படுக்கையா. நெத்தியில போடுற மாதிரி."

"இது?"

கோடுகள் செங்குத்தாக நின்றன. பட்டை போட்ட நெற்றியைப் பக்கவாட்டில் சாய்த்தது மாதிரி.

"சுத்தியிருக்காங்கோ!" தங்கவேல் கத்திவிட்டான். "பூஜைக்கு அப்பால சக்கரம் சுத்தியிருக்கு!"

"அதனாலதான் தொடாதேன்னேன். ஆறு லீவுல போறதுக்கும் டூட்டிக்கு வர்றதுக்கும் இதுதான் மணி. பாட்டில் முக்குறப்ப மூடுவாங்க, முக்கிட்டுப் போனா திறப்பாங்க." அவள் மூன்றாவது குச்சியைத் தானே கிழித்து, அந்தக் கோடுகளையே வெறித்துக்கொண்டிருந்தாள். "ஆனா எத்தனை கோடு..." என்று தனக்குத்தானே முனகினாள். குச்சி தண்ணீரில் விழுந்து அணைந்தது.

தண்ணீர் முழங்காலைத் தொட்டது. அப்போது கதவுக்கு வெளியே யாரோ இருமினார்கள்.

அந்த இருமலைத் தங்கவேலுக்குத் தெரியும். பொங்கலுக்குப் பொங்கல், ஒரே பாயில் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல். சாயப்புகை ஏறிய நெஞ்சு.

"மாமா?"

இருமல் சட்டென்று அடங்கியது.

"அம்மாசி மாமா! நீயா?"

வேலம்மாவின் புருஷன் அம்மாசி இந்தப் பட்டறையில் தொட்டிவேலை செய்கிறான் என்பது தங்கவேலுக்குத் தெரியும். மதகு வேலையும் அவனுடையது என்பதுதான் தெரியாது.

"சத்தம் போடாத மச்சான்" என்றது வெளியே இருந்த குரல். "முட்டிக்கு மேல தண்ணி வராது. நான் பார்த்துக்கினுதான் கீறேன். ஆபீசருங்க வந்துட்டுப் போவட்டும், தொறந்து வுட்டுர்றேன்."

"நீயா பூட்டுன? அண்ணாச்சி சொல்லியா?"

"அவருக்கு ஒண்ணும் தெரியாது. நானேதான்."

தங்கவேல் வாயில் வந்த வார்த்தையை அக்காவுக்காக விழுங்கினான். "மாமா, இன்னிக்கு ஒன் குடிசையத் தூக்கப் போறாங்கோ. ஒன் பொண்டாட்டிய லாரியில ஏத்தப் போறாங்கோ. மதகக் காட்டினா நின்னுடும். அது தெரிஞ்சும் பூட்டுறியே, ஒனக்கு மண்டையில இன்னா கீது?"

"மதகக் காட்டினா பட்டறைய மூடிடுவான்டா!" அம்மாசியின் குரல் உடைந்தது. "நம்ம குடிசைல வூட்டுக்கு ஒர்த்தன் இங்க வேலை செய்யறான். பட்டறை போனா எல்லாருக்கும் சோறு போச்சு. குடிசை போனா பெருங்குடியில வேற குடிசை. கொசு கடிக்கும், பாம்பு வரும், போவட்டும். அங்கேந்து நடந்துகூட வந்துடுவேன். வேலை போனா எங்கடா நடக்குறது?"

தங்கவேல் வளர்ந்த இடத்திலும் கணக்கு இப்படித்தான் இருந்தது. படுக்க இடமா, தின்னச் சோறா, ஒன்றைக் கேள், இரண்டையும் கேட்காதே.

ஜெயபாரதி கதவருகே வந்தாள். தங்கவேல் கையைக் காட்டி அவளை நிறுத்தினான். இது அவள் பேச வேண்டிய பேச்சில்லை.

"மாமா. போன வாரம் ஆபீசர் ஒர்த்தன் வந்து அக்காவாண்ட இன்னா சொன்னான்? உங்க மூத்திரத்துலதான் ஆறே நாறுதுன்னான். நீ அப்ப எங்க இருந்த?"

வெளியே இருமல் மறுபடி கிளம்பியது.

"பக்கத்துலதான் இருந்த. நானும் இருந்தேன். அது தலைய குனிஞ்சிக்கினு நின்னுச்சு. நாறடிச்சது அது இல்லைன்னு அங்க இருந்ததுல ஒனக்கு மட்டுந்தான் தெரியும். நீ இன்னா பண்ண? வெத்தில மென்ன."

"மச்சான்..."

"வேலை வேணும், சரி. அதுக்கு அக்கா மூஞ்சியில அவன் துப்பணுமா? போ. பூட்டிக்கினே இரு. நாங்க நனையறோம்."

காலடிச் சத்தம் நகர்ந்தது. தேய்ந்தது. நின்றுவிட்டது.

"போயிட்டான் மேடம்" என்றான் தங்கவேல். தன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. துவாரத்து வெளிச்சத்தில் ஜெயபாரதியின் சேலை இடுப்பு வரை ஊறிச் சிவந்திருந்தது. தூரத்தில் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம். அண்ணாச்சியின் "வாங்க வாங்க, காபி சூடா இருக்கு" குரல். குழு வந்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள். தேக்குக் கதவு அத்தனையையும் விழுங்கிக்கொண்டது.

பிறகு பூட்டில் சாவி நுழைந்தது.

அம்மாசி கதவைத் திறந்து ஓரமாக நின்றான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "சாவி தேடப் போனேன்" என்றான். பொய். சாவி அவன் அரைஞாண் கயிற்றில்தான் தொங்கியது.

பின்வாசலில் வெள்ளை மேஜை விரிப்பு, கேசரித் தட்டு, நான்கைந்து ஆபீசர்கள். ஒரு சிப்பந்தி பாலத்தடியில் முக்கிய பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தான். தெளிவாகத்தான் இருந்தது. புரொபசர் சுப்பராமன் பேனாவைத் திறந்துவிட்டார். அப்போது இடுப்பு வரை சிவந்த இரண்டு பேர் படியேறி வந்தார்கள்.

"புரொபசர் சார், கையெழுத்துக்கு முன்னாடி ஒரு நிமிஷம்" என்றாள் ஜெயபாரதி. "வேஷ்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு வாங்க."

அண்ணாச்சி சிரித்தார். "என்னம்மா இது, ஹோலி விளையாடினீங்களா? அந்த மதகு ரூம் பாழடைஞ்சு..."

அவர் முடிப்பதற்குள் பின்னால் இரும்பு உருளும் சத்தம் கேட்டது. அம்மாசி யாரும் சொல்லாமலே திரும்பிப் போய்ச் சக்கரத்தைப் பிடித்திருந்தான். ஒரு சுற்று. துரு உதிரவில்லை, முனகல்கூட இல்லை, கிரீஸ் போட்ட தண்டு வழுக்கிக்கொண்டு ஏறியது. படிக்குக் கீழே ஆறு சிவந்தது. சிவப்பு ஒரு நாக்கு மாதிரி நீண்டு, பாலத்துப் பக்கம் நகர்ந்து போனது.

ஆபீசர் ஒருவர் கேசரியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"ஈஸ்வரா" என்றார் சுப்பராமன். "நான் பாட்டில்ல இருந்ததைத்தானே எழுதினேன்."

அண்ணாச்சி மட்டும் ஆடவில்லை. சோர்ந்த குரலில், "பாத்தீங்களாய்யா? நம்பி வேலை குடுத்தேன். தொட்டியில ஊத்தச் சோம்பல்பட்டு எனக்குத் தெரியாம இந்தப் பய மதகைத் திறந்திருக்கான். அவனும் அந்தக் குடிசைக்காரன்தான். ஏலே அம்மாசி, உன்னைப் போலீஸ்ல ஒப்படைக்காம விடமாட்டேன்" என்றார்.

ஆபீசர்கள் தலையை ஆட்டினார்கள். அது அவர்களுக்குச் சௌகரியமாக இருந்தது. தங்கவேல் திறந்த கதவு வழியே அம்மாசியைப் பார்த்தான். மாமன் சக்கரத்தை விட்டுக் கையை எடுக்கத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். பூட்டைத் திறந்தவன் மாட்டிக்கொண்டான்.

"அண்ணாச்சி, ஆயுத பூஜைக்கு மிஷினுக்கெல்லாம் பட்டை போடுறது யாரு?" என்று கேட்டாள் ஜெயபாரதி.

"நான்தான். முதலாளி கை வைக்காம இங்க ஒரு மிஷின் ஓடாது." பெருமையில் நாக்கு முந்திக்கொண்டது.

"எல்லாருக்கும் பட்டை மூணு கோடு. உங்க தொட்டி, உருளை எல்லாத்துலயும் வரும்போதே பார்த்தேன், ரெண்டே கோடு. ஏன்னு அப்போ புரியலை. கொஞ்சம் வலது கையை நீட்டுங்க."

அண்ணாச்சி கையை நீட்டவில்லை, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஆனால் அத்தனை பேரும் அதற்கு முன்பே பார்த்திருந்தார்கள், காபி டம்ளரை நீட்டிய கை. மோதிர விரல் பாதிதான் இருந்தது. சின்ன வயதில் பிழிகிற உருளை தின்றது.

"உங்க நெத்திக்கு நிதானமா மூணு இழுக்குறீங்க. மிஷினுக்கு அவசரத்துல ஒரே இழுப்பு, ரெண்டு விரல்தான் படும். இந்த மதகுச் சக்கரத்திலும் ரெண்டே கோடு. உங்களுக்குத் தெரியாத மதகுக்கு உங்க கையே பூஜை வச்சிருக்கு."

சுப்பராமன் உள்ளே போய், குனிந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார். பேனாவை மூடினார். "மொதல்லேருந்து பண்ணணும். மதகு திறந்தப்போ ஒரு பாட்டில், மூடினப்போ ஒரு பாட்டில். குடிசையை அப்பறம் பேசலாம்" என்று ஆபீசர்களிடம் சொன்னார். கரைக்கு அந்தப் பக்கம் நின்ற லாரிகளைத் திருப்பச் சொல்லிக் கையசைக்க ஆள் ஓடினான்.

இதற்குள் பட்டறை ஆட்கள் வேலையை விட்டுவிட்டுப் பின்வாசலில் கூடிவிட்டார்கள். அண்ணாச்சி அவர்களைப் பார்த்தார். தோற்ற மனிதனின் குரலாக இல்லை அது.

"சரி. மதகு தப்புதான். இன்னையோட பட்டறைய மூடிட்டேன். எல்லாரும் வீட்டுக்குப் போங்க. யாருக்கு நன்றி சொல்லணும்னா, அந்தா நிக்கான் அம்மாசி."

அத்தனை முகங்களும் திரும்பின. பக்கத்துக் குடிசை, எதிர்க் குடிசை, சொந்தக்காரன், கடன் கொடுத்தவன், வாங்கியவன். ஒருவர் கண்ணிலும் நன்றி இல்லை. தங்கவேல் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் மாமன் பக்கத்தில் நின்றான். அடி விழுந்தால் பாதி தனக்கு என்று கணக்கு.

அம்மாசி வாய்க்குள் கிடந்த வெற்றிலையைத் துப்பினான். நேரே முதலாளியைப் பார்த்தான்.

"தொட்டி பூரா தீபாவளிச் சேலை ஊறுது மொதலாளி. இப்ப எடுத்து அலசலைன்னா பொழுது சாயறதுக்குள்ள நூல் வெந்து கந்தலாப்பூடும். எடுக்கணுமா, வேணாமா?"

கூட்டத்தில் முணுமுணுப்பு நின்றது. அண்ணாச்சியின் கண் தொட்டிகள் பக்கம் ஓடித் திரும்பியது. தி.நகர் கடையில் அலமாரிகள் அந்தச் சேலைகளுக்காகக் காலியாக நிற்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"எடுங்கலே" என்றார், யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல.

யாரும் நகரவில்லை. அம்மாசியும் நகரவில்லை.

"எடுக்குறோம்" என்றான். "தண்ணிய எங்க வுடறது, சொல்லு. ஆத்துலயா, நீ சொன்ன வடிகட்டுற தொட்டியிலயா?"

அண்ணாச்சி ஆபீசர்களைப் பார்த்தார். ஆபீசர்கள் புரொபசரைப் பார்த்தார்கள். சுப்பராமன் ஆற்றைப் பார்த்தார்.